ஒருவரும் நீக்காத தடை

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினோராம் நாள், தென்கடல் தீவுகளில் ஒன்றான சவாயியின் தென்கரையிலுள்ள சாலெமோவா என்னும் ஊரில், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொண்டுவந்த இருபத்தாறு பேருக்கு, "இன்றோடு நிறுத்துங்கள்" என்று ஆணையிடப்பட்டது. "இன்று மீண்டும் தொடங்குங்கள்" என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஐம்பது நாள்கள் சொல்லவில்லை. அந்த ஐம்பது நாள்களுக்குள் ஓர் ஆள் இறந்தார். இந்தக் கதையின் முறையீடு இவ்வளவுதான்.

ஐம்பதாம் நாளான செவ்வாய்க்கிழமை காலை, செவிலி தெலேசியா மாதர் குழுவின் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தாள். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் மாத்திரை நாள் அது. பெண்கள் தத்தம் வீட்டு டப்பாக்களைக் கொண்டுவருவார்கள். அவள் எண்ணிப் போட்டுக் கொடுப்பாள். செப்டம்பர் முழுவதும் மலையோரக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடுவதிலேயே அவளுக்குக் கழிந்துவிட்டது. அதனால் ஊராருக்கு இரத்த அழுத்தம் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் பரிசாகத் தந்த புதிய அழுத்தமானி, பெட்டி திறவாமல் அவள் மடியருகே கிடந்தது.

முதலில் வந்தவள் சலாயே. ஊர்த் தலைவர்களின் சார்பில் பேசும் உரிமைபெற்ற அபேலுவின் மனைவி. கணவருடைய மாத்திரைக்காக அவள் நீட்டிய ஜாம் டப்பாவைத் திறந்த தெலேசியா திகைத்தாள்.

"என்னக்கா இது? போன தடவை போட்டுக் கொடுத்ததுல முக்காவாசி அப்படியே இருக்கு?"

"பின்ன? தடை போட்டிருக்குல்ல. யாராச்சும் தொடுவாங்களா?"

"அந்தத் தடை ரெண்டு வாரத்துக்குத்தானேக்கா?"

"யாரு சொன்னா ரெண்டு வாரம்னு? 'விருந்தாளிங்க வேலை முடியிற வரைக்கும்'னு எங்க வீட்டுக்காரர்தானே சங்கு ஊதிச் சொன்னாரு! அவங்க டிசம்பர்ல முடிவு கொண்டு வர்றாங்களாம். அப்ப வேலை முடியலைன்னுதானே அர்த்தம்?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "எங்க வீட்டுக்காரரு, சும்மா கெடந்தா வீணாப் போகுதேன்னு பன்னிக்குப் போட்டுட்டாரு. ஊர்லயே சாந்தமான பன்னி இப்ப எங்க பன்னிதான்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தெலேசியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு டப்பாவாக வாங்கித் திறந்தாள். பன்றி வீட்டு டப்பாவைத் தவிர, தடைக்குப் பின் எதிலும் மாத்திரை குறையவே இல்லை.

சாலெமோவாவில் தடை என்றால் தடைதான். கடற்கழியில் மீன் பெருகட்டும் என்று தலைவர்கள் தடை போடுவார்கள். சங்கு ஊதிப் போட்டது சங்கு ஊதி நீக்கும்வரை நிற்கும். இடையில் வலை வீசியவன் ஒரு பன்றியும் ஒரு பெட்டி மீன் டப்பாவும் தண்டம் கட்டுவான். மாத்திரைத் தடையும் அந்த வழியில்தான் பிறந்தது. ஆகஸ்டில் வந்த ஆராய்ச்சியாளர்கள், தலைவர்களோடு அமர்ந்து சடங்குப் பானம் அருந்திவிட்டு, "மாத்திரை உடம்பில் இருந்தால் எங்கள் கணக்குத் தப்பும், இரத்தம் எடுக்கும்வரை நிறுத்திவையுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். விருந்தினர் வேண்டியதை மறுப்பது இழுக்கு. பெருந்தலைவர் உலுசேலே தலையசைத்தார். அபேலு பசுந்திடலில் நின்று சங்கு ஊதி அறிவித்தார். அந்தச் சொற்களில் நாள் குறிக்கப்படவில்லை. இருபத்தாறு பேரும் ஒருவர் தவறாமல் நிறுத்திவிட்டதைக் கண்டு, "உலகில் வேறெங்கும் இப்படி ஒத்துழைப்பைக் கண்டதில்லை" என்று ஆராய்ச்சியாளர்கள் வியந்தார்கள். மகிழ்ச்சியோடு இரத்தம் எடுத்தார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் அடைத்து விமானம் ஏறினார்கள்.

அந்தப் பெட்டியை மூடியவள் தெலேசியா. அப்போது கிரகாம் என்னும் இளம் மருத்துவர் அவளுக்கு விளக்கியது இப்போது நினைவுக்கு வந்தது. உடம்பில் பரபரப்பைக் கிளப்பும் அட்ரினலினுக்கு இரத்தத்தின் வெள்ளணுக்களில்கூட ஏற்பிகள், அதாவது அதன் செய்தியை வாங்கும் இடங்கள், உண்டு. கொதிப்புக்காரருக்கு அவை எண்ணிக்கையில் வேறுபடுகின்றனவா என்பதே அவர்களுடைய கேள்வி. மாத்திரை அந்த ஏற்பிகளை அடைத்துவிடும். அடைபட்ட உடம்போ புதிய ஏற்பிகளை முளைக்கச்செய்து ஈடுகட்டும். ஆகவேதான் நிறுத்தச் சொன்னார்கள். அவள் வியப்போடு கேட்டுக்கொண்டாள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்காமல் ஒரே நாளில் நிறுத்தலாமா என்றோ, மறுபடி தொடங்கச் சொல்லியாயிற்றா என்றோ அவள் கேட்கவில்லை. படித்த பெரியவர்கள், சொல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் ஒன்பதாம் நாள், உலுசேலேயின் தம்பி மானோங்கி தோணியைக் கரையில் இழுக்கும்போது, "தலை வெடிக்குதுடா" என்று சொல்லி மணலில் சாய்ந்தார். ஐம்பத்தொரு வயது. அவருக்கு நேரம் வந்துவிட்டது என்றார்கள்; ஆவி அடித்தது என்றும் சிலர் சொன்னார்கள். இருபத்தாறு பேரில் அவரும் ஒருவர் என்பதை அன்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தெலேசியாவும் எண்ணவில்லை. இன்று எண்ணினாள். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள்.

"சலாயேக்கா, எந்திரிங்க. அண்ணனை நான் இப்பவே பார்க்கணும்."

அபேலு தம் வீட்டில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவளைக் கண்டதும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"வாம்மா நர்சு. இந்த ஊர்ல என் வாய்தான் பேசும். இப்ப என் கையையும் பேச வைக்கப் போறியா?"

"உங்க கை உங்க வாயை மாதிரி இல்லைண்ணே. அது உண்மையை மட்டும்தான் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். புதிய கருவியைச் சுற்றி அவள் அழுத்தினாள். இருநூற்றிருபதுக்கு நூற்று முப்பது. காற்றை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அதே அளவு.

"தலைவலி எத்தனை நாளா இருக்கு?"

"அது கெடக்கு. மூணு வாரமா வர்றதும் போறதுமா."

"அண்ணே, உங்க உசுரு விளிம்புல நிக்குது. இப்பவே மாத்திரையைத் தொடங்கணும். அரை மாத்திரை. நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிறேன்."

அபேலு எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பு மறைந்திருந்தது.

"தடை போட்டவன் நான். நானே வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு முழுங்கணுமா?"

"நம்ம வீட்டுக்குக் கதவே கெடையாது. சுவரும் கெடையாது. ஊரே பார்க்கும்," என்றாள் சலாயே.

"அதைத்தான்டி சொல்றேன்! ஊரே பார்க்கும். 'சொன்னவனே மீறிட்டான்'னு ஒருத்தன் சொன்னா, அதுக்கப்புறம் என் சங்குக்கு எவன் நிப்பான்? எல்லாருக்கும் தடையை எடுத்தா நான் முழுங்குறேன். முதல் ஆளா இல்ல, கடைசி ஆளா."

தெலேசியா அவரிடம் சினந்துகொள்ளவில்லை. அவர் சொன்னதில் நேர்மை இருந்தது; அந்த நேர்மையே அவரைக் கொல்லும் நிலையில் இருந்தது. அவளுடைய பார்வை பெட்டிமேல் இருந்த திருமறைமீது விழுந்தது. அதன் இடுக்கில் ஒரு நீள உறை தெரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் சென்ற கடிதம். முத்திரை பதித்த நல்ல தாளாயிற்றே என்று ஊரார் எல்லாரும் அதைத் திருமறைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். முழுவதும் ஆங்கிலம்.

அவள் பிரித்தாள். முதல் பத்தியில் நன்றி. இரண்டாம் பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெருமை. மூன்றாம் பத்தியில் வெள்ளணுக்கள், ஏற்பிகள். நான்காம் பத்தியில் ஒற்றை வரி: இரத்தம் கொடுத்த நாளன்றே உங்கள் செவிலியின் மேற்பார்வையில் மாத்திரையை மீண்டும் தொடங்கவும்.

உங்கள் செவிலி. இருபத்தாறு உறைகளையும் அவள்தான் தன் கையால் பகிர்ந்து கொடுத்தாள். பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது, விமானத்திற்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒன்றையாவது பிரித்து வாசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று பிற்பகலே அவள் உலுசேலேயின் வீட்டுக்குப் போனாள். துக்கத்தின் அடையாளமாகத் தலையை மழித்திருந்த பெருந்தலைவர், தூணில் சாய்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவள் மொழிபெயர்த்துச் சொல்லும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"திங்கக்கிழமை கூட்டம் இருக்கு. அன்னைக்குப் பேசுவோம்."

"ஆறு நாள் இருக்குங்கய்யா. அபேலு அண்ணனுக்கு ஆறு மணி நேரம்கூடத் தாங்குமான்னு தெரியலை."

"விருந்தாளி வாயால சொன்னான், நாங்க வாயால தடை போட்டோம். இப்ப நீ ஒரு காகிதத்தைக் காட்டுற. காகிதத்துக்காக ஒரு நாள்ல தடையை எடுத்தா, நாளைக்கு மீன் தடைக்கும் ஒருத்தன் காகிதம் கொண்டு வருவான். தலைவர்கள் எல்லாரும் கூடாம நான் ஒருத்தன் எடுக்க முடியாதும்மா." கயிற்றை மடியில் வைத்தார். "இந்தக் கடுதாசியை எங்க கையில கொடுத்தது யாரு?"

"நான்தாங்கய்யா."

"கொடுக்கும்போதே வாசிச்சுக் காட்டியிருக்கலாமே."

அவர் கடிந்து சொல்லவில்லை. அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. தெலேசியா தலைகுனிந்து வெளியேறினாள். தென்னைகளின் கீழே நடக்கும்போது அவளுக்கு ஒன்று தெளிவாயிற்று. எல்லாத் தலைவர்களும் திங்கட்கிழமைக்கு முன் கூடுவதற்கு ஒரே ஒரு வழி உண்டு. அதை எந்தத் தலைவராலும் தள்ளிப்போட முடியாது.

நேரே சலாயேயிடம் போனாள். "அக்கா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு முடைஞ்சு வச்சிருக்கீங்களே, அந்த நுண்பாய் எனக்கு வேணும். நாளைக்கு விடியறப்போ மானோங்கி வீட்டு முன்னாடி உட்காரப் போறேன்."

சலாயே வாயைப் பொத்திக்கொண்டாள். பெருங்குற்றம் செய்தவர், பாதிக்கப்பட்டவர் வீட்டின்முன் நுண்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு விடியலில் மண்ணில் அமர்வது அந்தத் தீவின் பழைய வழக்கம். வீட்டார் வந்து பாயை நீக்கினால் மன்னிப்பு. மனம் இரங்காவிட்டால் கல்லும் விழலாம், கத்தியும் விழலாம். ஒருவர் அப்படி அமர்ந்திருக்கும்போது ஊர்த் தலைவர்கள் தோட்டத்திற்குப் போவதில்லை, உண்பதுமில்லை, உடனே கூடியாக வேண்டும்.

"பைத்தியமாடி உனக்கு? அது கொலை செஞ்சவங்க உட்காருறது. உனக்குன்னு இங்க சொந்தம் ஒருத்தர்கூட இல்ல. யாரு கூட உட்காருவா?"

"பதினோரு வருசமா இந்த ஊர்ல ஊசி போடுறேன். எத்தனை பேரு என்னைத் திட்டியிருப்பாங்க! அதைவிடச் சொந்தம் வேணுமா?"

சலாயே அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பாயை எடுக்க எழுந்தாள்.

புதன்கிழமை, கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில், மானோங்கியின் வீட்டின்முன் தெலேசியா மண்ணில் கால்மடித்து அமர்ந்தாள். பாய் அவளை முழுவதும் மூடியது. சற்றுநேரத்தில் வலப்பக்கம் ஓர் உடம்பு வந்து அமர்ந்தது. சலாயே. பின் இடப்பக்கம், பின் முதுகுப்புறம். மாதர் குழு வந்துவிட்டது. பன்றிக்கு மாத்திரை போட்ட வீட்டுக்காரியின் குரலும் கேட்டது: "தள்ளி உட்காருங்கடி, எனக்கும் பாவம் இருக்கு."

வெயில் ஏறியது. தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து வீட்டினுள் தத்தம் தூணருகே அமர்வதை அவள் பாயின் இழைகளுக்கிடையே கண்டாள். அப்போது கனத்த காலடி ஒன்று அவளருகே நின்றது. பாயின் ஓரம் தூக்கப்பட்டது. அபேலு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

"அண்ணே! வெயில்ல நீங்க வரக்கூடாது. போங்க உள்ள!"

"கொஞ்சம் நகரு. சங்கு ஊதினவன் நான். என் பங்கை நீ ஏன் சுமக்கிற?"

அவருடைய முகம் சிவந்திருந்தது. கழுத்து நரம்பு துடித்தது. தெலேசியாவின் பொறுமை அங்கேயே அறுந்தது. வழக்கப்படி மௌனமாக இருக்க வேண்டியவள், பாய்க்குள்ளிருந்தபடியே உரக்கப் பேசினாள்.

"தலைவர்களே! மாத்திரை இருந்திருந்தா மானோங்கி அண்ணன் பொழைச்சிருப்பாருன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அவருக்குத் தொணையா இருந்த ஒரு காவலை எடுத்துட்டோம், திருப்பி வைக்கலை. வைக்கச் சொல்லிக் கடுதாசியில எழுதியிருந்தது. அதை நான் வாசிக்கலை. என் குத்தம் அது. நம்ம ரத்தத்துல பரபரப்பைக் கேக்குற காதுங்க இருக்கு. மாத்திரை அந்தக் காதை அடைக்கும். ஒடம்பு 'சத்தம் கேக்கலையே'ன்னு புதுசா இன்னும் காது வளர்க்கும். அந்த நேரம் பார்த்து மாத்திரையைப் பட்டுன்னு நிறுத்தினா, அத்தனை காதும் திறந்துக்கும். முணுமுணுப்புகூட இடி மாதிரி விழும். கொஞ்ச நாள்ல காது குறையும். ஆனா கொதிப்பு குறையாது. இன்னும் இருபத்தஞ்சு பேரு காவல் இல்லாம நிக்கிறாங்க. அதுல ஒருத்தர் என் பக்கத்துலயே, இந்தப் பாய்க்குள்ள இருக்காரு. எனக்கு என்ன தண்டனை வேணாலும் கொடுங்க. அதுக்கு முன்னாடி அவருக்கு மாத்திரை கொடுக்க விடுங்க!"

வீட்டினுள்ளிருந்து மானோங்கியின் மனைவி எழுந்து வந்தாள். கறுப்பு உடையின் நிழல் பாயின்மேல் விழுந்தது. அவள் திரும்பிப் பெருந்தலைவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, பாயை எடுங்க. என் வீட்டுல விழுந்த இழவு போதும். அபேலு வீட்டுலயும் ஒண்ணு வேணுமா?"

உலுசேலே படியிறங்கி வந்தார். தம் கையாலேயே பாயைத் தூக்கினார். தெலேசியாவின் கண்களில் வெயில் அடித்தது.

"எந்திரிம்மா." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நிறுத்துன்னு சொல்றவன், என்னைக்குத் தொடங்கணும்னு சொல்லாமப் போனா, அவன் வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. பாதி வேலைக்கு நாம முழு மரியாதை கொடுத்துட்டோம். கேள்வி கேட்டா விருந்தாளி மனசு நோகுமேன்னு பார்த்தோம். என் தம்பியைப் பொதைச்சோம். அபேலு, சங்கை எடு."

"ஊதக்கூடாது!" என்று தெலேசியா கத்தினாள். "அண்ணன் இப்ப மூச்சை அடக்கி ஊதவே கூடாது!"

அபேலுவின் வாழ்நாளில் அவருக்குப் பதிலாக வேறொருவர் சங்கு ஊதியது அன்று மட்டும்தான். மானோங்கியின் மனைவி ஊதினாள். முதல் முறை காற்று மட்டும் வந்தது. இரண்டாம் முறை ஒலி கடற்கழியைத் தாண்டிப் போயிற்று. தடை நீங்கியது. அபேலு அரை மாத்திரையை விழுங்கிவிட்டு, "கடைசி ஆளா முழுங்கணும்னு நெனச்சேன். வாய்க்காரனுக்கு அதுவும் வாய்க்கலை," என்றார். மாவட்ட மருத்துவமனையின் வண்டி நண்பகலில் அவரை ஏற்றிச் சென்றது. மற்ற இருபத்துநான்கு பேருடைய கையிலும் அன்று மாலைக்குள் தெலேசியா அழுத்தம் பார்த்து முடித்தாள். வண்டியில் வந்த மருத்துவர் சொன்ன அளவில் ஒவ்வொருவருக்கும் தொடங்கிவைத்தாள். எட்டு நாளில் அபேலு திரும்பினார். குரல் குறையவில்லை.

டிசம்பரில் கிரகாம் வண்ண வரைபடங்களோடு வந்தார். வெள்ளணுக்களைப் பற்றி அழகாகப் பேசினார். உலுசேலே கேட்டு முடித்து, "எங்க அணுவுக்கு எத்தனை காதுன்னு எண்ணிட்டீங்க. எங்க ஆளுங்க எத்தனை பேருன்னு எண்ணுனீங்களா? ஆகஸ்டுல இருபத்தாறு. இப்ப இருபத்தஞ்சு," என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லத் தயங்கினார். தெலேசியாவே ஆங்கிலத்தில் சொன்னாள். இளம் மருத்துவர் வரைபடங்களைச் சுருட்டி வைத்தார். பிறகு, அன்றுமுதல் அந்த ஊரில் எந்தக் கடிதமும் ஊர்மொழியில் உரக்க வாசிக்கப்படாமல் ஒருவர் கையிலும் கொடுக்கப்படாது என்னும் தீர்மானத்தில் அவரும் கையொப்பமிட்டார்.

அறிவை வளர்க்க இரத்தம் கொடுப்பது நல்ல செயல். அந்த இரத்தத்திற்கு உரியவரை மறந்துவிடுவது அநீதி. மரியாதைக்காகக் கேள்வியை விழுங்குவது பண்பு என்று நமக்கு எவரோ கற்பித்துவிட்டார்கள். தவறாகக் கற்பித்துவிட்டார்கள்.

இதை வாசிக்கின்ற நீங்கள் இந்தத் தாளை மடிப்பதற்கு முன் எழுந்துபோய், உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுங்கள். மிச்சம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், பிறர் நிறுத்தச் சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "எந்த நாளில் மீண்டும் தொடங்க வேண்டும்?" என்று அவரிடம் கேளுங்கள். அந்த நாளை அவர் வாயால் சொல்லும்வரை நாற்காலியைவிட்டு எழாதீர்கள்.